முகத்தை அளந்து எடுப்போம்



எங்கள் வகுப்புப் படத்தில் வெள்ளைச் சீருடைகள் தெளிவு, முகங்கள் இருட்டு. மன்னாரின் வெண்மணலும் வெயிலும் பிலிம் கமராவின் ஒளிமானியை ஏமாற்றிவிட்டன. அது காட்சி முழுவதையும் சேர்த்து அளந்து, நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்கிடும். வெண்மை மிகுந்தால், பிலிமில் விழும் ஒளியைக் குறைக்கச் சொல்லும்.

புள்ளி அளவீடு உள்ள கமராவோ நடுவிலுள்ள சிறு வட்டத்தை மட்டும் அளக்கும். 1983இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-4, 8 புள்ளிகள்வரை அளந்து சராசரி காணும். வட்டத்தை ஒரு முகத்தில் வைத்து அளந்து, அந்த அளவை மாற்றாமல் எல்லோரையும் சேர்த்து எடுத்தால் முகங்கள் தெளியும்.

அன்று பின்வரிசையில் நின்ற மூவர் இன்று எங்களோடு இல்லை. அவர்களின் முகங்களை அந்தப் படத்தில் இன்னமும் தேடுகிறோம். நூற்றாண்டுப் படத்துக்காவது முகத்தை அளந்து எடுப்போம்.