பயங்கரவாதமும் உலக நாடுகளும்



1934-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாண்டர், பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கினார். மோட்டார் வண்டியில் ஊர்வலமாகச் செல்லும்போதே கொலையாளி ஒருவன் அவரைச் சுட்டு வீழ்த்தினான். வரவேற்க வந்திருந்த பிரெஞ்சு வெளிநாட்டு அமைச்சர் லூயி பார்தூவும் அந்த அமளியில் உயிரிழந்தார். பயங்கரவாதத்தின் வேர் யாது, அதற்கு நீர் வார்ப்பது யாது என்னும் இரு வினாக்களுக்கும் இந்நிகழ்ச்சி விடை தருகிறது.

1928-இல் பெல்கிரேடு பாராளுமன்றத்திலேயே குரோஷியத் தலைவர் ஸ்டெபான் ராடிச் சுடப்பட்டு, சில வாரங்களில் மாண்டார். மறு ஆண்டு ஜனவரியில் மன்னர் அரசியல் சட்டத்தை நீக்கி, ஆட்சி முழுவதையும் தம் கையில் எடுத்துக்கொண்டார். முறையிட்டு நீதி பெறும் வழி அடைபட்டது. வேர் இதுவே. ஆயினும், மனக்குறையுற்ற குரோஷியர் அனைவரும் துப்பாக்கி ஏந்திவிடவில்லை. குறையைக் கொலைவெறியாக வளர்க்கும் இயக்கமும், அவ்வியக்கத்தைப் பேணும் அயல்நாடும் சேர்ந்தபோதே சதி உருவாயிற்று. கொலையாளி மாசிடோனியப் புரட்சி இயக்கத்தவன். குரோஷியத் தீவிரவாதிகளோடு கூடியவன். அவர்களுக்கு இத்தாலியும் ஹங்கேரியும் புகலிடம் அளித்திருந்தன. தலைவன் அந்தே பவேலிச்சை ஒப்படைக்குமாறு பிரான்சு கேட்டபோது, இஃது அரசியல் குற்றம் எனக் கூறி இத்தாலிய நீதிமன்றம் மறுத்துவிட்டது.

பிரான்சின் முயற்சியால், சர்வதேச சங்கம் 1937-இல் ஜினீவாவில் ஓர் உடன்படிக்கை வகுத்தது. கையொப்பமிட்டவை 24 நாடுகள். உறுதி செய்ததோ, அன்று பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இந்தியா ஒன்றே. உடன்படிக்கை நடைமுறைக்கு வராமலே போயிற்று.

ஐக்கிய நாடுகள் காலத்தில் வேறு வழி பின்பற்றப்பட்டது. குற்றங்களைத் தனித்தனியே எடுத்துக்கொண்டனர். விமானக் கடத்தலுக்கு 1970-இலும், பிணையாளாகப் பிடிப்பதற்கு 1979-இலும், நிதியுதவிக்கு 1999-இலும் உடன்படிக்கைகள் எழுந்தன. இவற்றின் உயிர்நாடி ஒரே விதி: குற்றவாளி அகப்பட்ட நாடு அவனை ஒப்படைக்க வேண்டும், இன்றேல் தானே வழக்குத் தொடர வேண்டும். அரசியல் குற்றம் என்பதை மட்டும் காட்டி மறுக்கலாகாது என்றும் 1999-ஆம் ஆண்டு உடன்படிக்கை விதித்தது. 2001-இல் பாதுகாப்புச் சபை, பயங்கரவாதிகளுக்குப் பணமும் புகலிடமும் தரலாகாது என எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தியது.

எனினும், அனைத்தையும் தழுவிய உடன்படிக்கை வேண்டுமென 1996-இல் இந்தியா முன்வைத்த வரைவு இன்றளவும் நிறைவேறவில்லை. விடுதலைப் போராட்டத்தையும் அரசுப் படைகளின் செயலையும் எவ்வாறு வகைப்படுத்துவது என்பதிலேயே பிணக்கு.

காரணத்தை ஆராய்வது குற்றத்தை நியாயப்படுத்துவது ஆகாதோ எனச் சிலர் ஐயுறுவர். நோயின் காரணத்தை ஆராயும் மருத்துவர் நோய்க்கு வக்கீல் ஆகிவிடுவதில்லை. 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற திட்டமும் பயங்கரவாதத்தைக் கண்டிக்கிறது. அது வளர இடந்தரும் நிலைமைகளை நீக்குமாறும், மனித உரிமைகளைக் காக்குமாறும் கூறுகிறது. குற்றவாளிக்குப் புகலிடம் இல்லாமையும், குறையுற்றோர்க்கு முறையிட இடம் உண்மையும் ஒருங்கே அமைய வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் பேசுவோரைக் கண்டால், மற்றொன்று எங்கே என்று கேளுங்கள்.