ஓடியாடும் பிள்ளைகளுக்கு என்ன ஆகாரம்?



பயிருக்கு உரம் வைப்பது பற்றி எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். இன்றைக்கு நம் வீட்டில் வளருகிற பயிரைப் பற்றி, அதாவது பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம்.

பரமக்குடி, முதுகுளத்தூர் பக்கம் பொழுது சாய்ந்தால் கபடி. மண்டபம், ராமேசுவரம் பக்கம் விடியற்காலையில் கடற்கரை மணலில் ஓட்டம். போலீசுக்கும் ராணுவத்துக்கும் ஆள் எடுக்கிறார்கள் என்றால் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் உடம்பைத் தேற்றுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் கூடவே ஒரு செலவும் வந்து சேருகிறது. “புரதப் பொடி டப்பா வாங்கிக் கொடுங்கப்பா, அது இல்லாட்டி உடம்பு ஏறாதாம்” என்கிறான் பையன். டப்பா ஒன்று இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய். மிளகாய் விற்ற காசிலும் மீன் விற்ற காசிலும் அதை வாங்கத்தான் வேண்டுமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் ஒரு அளவு சொல்லியிருக்கிறது. 16 முதல் 18 வயது வரை உள்ள பையனுக்கு நாளொன்றுக்கு 55 கிராம் புரதம், அதே வயதுப் பெண்ணுக்கு 46 கிராம் போதும். கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஆனாலும் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்ற அளவைத் தாண்டினால், கூடுதல் புரதத்தால் தசை மேலும் ஏறுவதில்லை. 50 கிலோ எடையுள்ள பையனுக்கு அது 80 கிராம். அவ்வளவுதான் உச்சவரம்பு.

இந்த 80 கிராம் நம் அடுப்படியில் கிடைக்குமா? கூட்டிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி, 100 கிராம் கேழ்வரகு, இவற்றில் சுமார் 29 கிராம். 50 கிராம் துவரம் பருப்பில் 11. ஒரு கை நிறைய, 40 கிராம் உலர்ந்த பாசிப்பயற்றை முளைகட்டியோ கொண்டைக்கடலையை வேகவைத்தோ சாப்பிட்டால் 8. 40 கிராம் நிலக்கடலையில் 10. ஒரு முட்டையில் 6. முள் நீக்கிய மீன் 100 கிராமில் 18. ஒரு டம்ளர் பாலில் 6. மொத்தம் 88 கிராம்! மீனும் முட்டையும் சேர்க்காத வீடு என்றாலும் 64 கிராம் வந்துவிடும். டப்பாவுக்கு வேலையே இல்லை.

மீன் என்றதும் வஞ்சிரமா, விலை என்ன என்று மலைக்க வேண்டாம். சூடை, காரல், நெத்திலி போதும். விலை உயர்ந்த மீனில் உள்ள புரதத்துக்கு இவற்றின் புரதம் இளைத்ததல்ல. நெத்திலியை முள்ளோடு தின்றால் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை இருக்கும்போது நாட்டுப்படகு மீன், கருவாடு இருக்கவே இருக்கிறது. கருவாட்டை நன்றாக ஊறவைத்து, உப்புப் போக அலசிச் சமையுங்கள்.

இன்னொரு விஷயம். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற சத்து குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைகிற வேறொன்று அரிசியில் இருக்கிறது. ஆகவே சோறும் பருப்பும், இட்லியும் சாம்பாரும் ஒன்றுக்கொன்று துணை. வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தால் இந்தத் துணை கிடைக்காது.

சில பையன்கள் சோற்றைக் குறைத்துவிட்டுப் பொடியைக் குடிக்கிறார்கள். இது விறகு இல்லை என்று வீட்டு உத்திரத்தைப் பிடுங்கி அடுப்பில் வைத்த கதை. ஓடுவதற்குத் தேவையான எரிபொருள் சோற்றிலும் கூழிலும் இருந்து வரவேண்டும். அது போதாவிட்டால், தசைக்குப் போகவேண்டிய புரதத்தையே உடம்பு எரித்துவிடும். சரி, புரதத்தை அளவுக்கு மீறித் தின்றால்? அதிலுள்ள தழைச்சத்தை உடம்பு யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடும். நாம் வயலுக்குப் போடுகிற அதே யூரியாதான்! காசு கொடுத்து வாங்கியது கொல்லைக்குப் போகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கோ அது கெடுதலே செய்யும்.

டப்பாவில் எழுதியிருப்பதை நம்பலாமா என்பதும் கேள்வி. இந்தியாவில் விற்கும் 36 பொடிகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2024-ல் வெளியானது. அவற்றில் 25 பொடிகளில், மேலே அச்சிட்ட புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சும் இருந்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியும், உடம்பு ஏற்றுவதற்காக இந்தப் பொடிகளைச் சாப்பிட வேண்டாம் என்றே சொல்கிறது. நோய்க்காக டாக்டர் எழுதிக்கொடுத்தால் அது வேறு விஷயம்.

அஃப்ளடாக்சின் நம் வீட்டு நிலக்கடலையிலும் வரும், கவனம். காய்களை நன்றாக உலர்த்தி, ஈரம் ஏறாமல் வையுங்கள். பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியதைப் பொறுக்கி எறியுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள், பால் வழியாக நமக்கே திரும்பி வரும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சத்துணவு முட்டை பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிள்ளைக்கு அதிகம் தேவைப்படுவதோ அதற்கப்புறம்தான். பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் அந்த முட்டை வீட்டிலிருந்து வரவேண்டும். கோழி வளர்க்கிற வீட்டில் முட்டையை எல்லாம் விற்றுவிட்டு டப்பா வாங்குவது, விதைநெல்லை விற்று வைக்கோல் வாங்குவது போல.

பெண்பிள்ளையை மறந்துவிடாதீர்கள். அண்ணனுக்கு நடுத்துண்டு மீன், தங்கைக்குக் குழம்பு என்று பல வீடுகளில் நடக்கிறது. அவளும் ஓடுகிறாள், விளையாடுகிறாள், வேலையும் செய்கிறாள். மாதவிலக்கில் இரும்புச்சத்தையும் இழக்கிறாள். அவள் தட்டில் பருப்பு, மீன், முருங்கைக்கீரை எல்லாம் இருக்கட்டும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் கீரையின் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

பயிற்சிக்குப் போகுமுன் ஒரு வாழைப்பழம், வந்த பிறகு சுண்டலோ முட்டையோ, அப்புறம் வயிறார உணவு. நம் ஊர் வெயிலுக்கு உப்புப் போட்ட நீர்மோர், கூழ். எட்டு மணி நேரத் தூக்கம். தசையை வளர்ப்பது பயிற்சி. சாப்பாடும் தூக்கமும் அதற்குக் கைகொடுக்கின்றன.

விளைந்ததை எல்லாம் மூட்டை கட்டிச் சந்தைக்கு அனுப்பிவிடாமல், வீட்டுக்கென்று கொஞ்சம் எடுத்து வையுங்கள். வரப்பில் நாலு துவரைச் செடி, தட்டைப்பயறு போடுங்கள். கொல்லையில் ஒரு முருங்கை நடுங்கள். டப்பாவுக்கு என்று எடுத்துவைத்த பணத்தில் மாதம் முழுக்க முட்டையும் கடலையும் வாங்கலாம். வீட்டில் எல்லோருமே சாப்பிடலாம்.