வன்னிக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு

(கிளிநொச்சியில், முன்பே இங்கு குடியேறிய மலையகக் குடும்பங்களும் தோட்டங்களிலிருந்து வந்த நமது அங்கத்தவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேலேயிருந்து வந்தவர்கள் இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து வந்திருக்கிறீர்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் கோபிக்கமாட்டேன். காணிப் பத்திரத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்பிவிடுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பதுளையிலும் கண்டியிலும் நுவரெலியாவிலும் மண் சரிந்து லயங்களை மூடியது. அதற்குப் பிறகு ஒரு பேச்சு கிளம்பியது. "மலையில் ஏன் இருக்கிறீர்கள், வடக்குக்கு வாருங்கள், காணி இருக்கிறது" என்று மேடைகளில் சொன்னார்கள். அன்பாகச் சொன்னவர்களும் உண்டு, வாக்கை நினைத்துச் சொன்னவர்களும் உண்டு. என் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "டீச்சர், கிளிநொச்சியில காணி குடுக்கிறாங்களாமே, ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க." அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பயணத்தையே ஏற்பாடு செய்தோம்.

அவரை இழுப்பது மண்சரிவுப் பயம் மட்டும் கிடையாது, விலைவாசியும்தான். 2022 செப்டம்பரில் நாட்டின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். சாப்பாட்டுச் சாமான்களுக்கு 95 சதவீதத்தைத் தொட்டது. அதே காலத்தில் வற் வரி 8 சதவீதத்திலிருந்து 12 ஆனது, பிறகு 15 ஆனது, 2024 ஜனவரியில் 18 ஆனது. அதுவரை வற் இல்லாதிருந்த காஸ் சிலிண்டருக்கும் டீசலுக்கும் அப்போதுதான் வற் வந்தது. சம்பளம் என்ன ஆனது? 2021இல் போராடி வாங்கிய 1,000 ரூபா, 2024 செப்டம்பரில் 1,350 ஆனது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் 1,550 என்றும், அதோடு வருகைக்கு அரசு 200 தரும் என்றும் அறிவித்தார்கள். அந்த நாட்சம்பளமும் பேர் போட்ட நாளுக்குத்தான். அரைப் பேர் போட்டால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் வருமான வரி கூடினால் ஆட்கள் அது இல்லாத டெக்சாசுக்கும் புளோரிடாவுக்கும் வீடு மாறுகிறார்களாம். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. இங்கே ஹட்டனில் வாங்கும் சவர்க்காரத்துக்கும் 18, கிளிநொச்சியில் வாங்கும் சவர்க்காரத்துக்கும் 18. வரிக்குப் பயந்து ஓட நமக்கு மாகாணம் கிடையாது. ஆகவே இடம் மாறினால் எது மாறும் என்றுதான் பார்க்கவேண்டும். வாடகை மாறலாம், கூலி மாறலாம், பிள்ளைக்குக் கிடைக்கும் பள்ளிக்கூடம் மாறலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காலுக்குக் கீழே இருக்கும் மண் யாருடையது என்பது மாறலாம். மாறாமலும் போகலாம்.

இந்த வன்னி நமக்குப் புதிய இடமும் இல்லை. நம்முடைய முன்னோர் தலைமன்னார், அரிப்புக் கரைகளில் இறங்கி முருங்கன், செட்டிகுளம் பக்கமாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 2023இல், 200 வருட நினைவாக, அதே பாதையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். இந்தக் கூட்டத்திலேயே அதில் நடந்தவர்கள் இருக்கிறார்கள்.

திரும்பி வந்த கதை இன்னும் முக்கியம். 1948இல் நம்முடைய குடியுரிமையைப் பறித்தார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். 1970க்குப் பிறகு நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, உலகத்தில் தானிய விலை ஏறியது, அரிசிப் பங்கீடு குறைந்தது. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுபோகவும் தடை. வீதியில் மறித்து மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்கள். நெல் விளையும் மாவட்டத்தில் இருப்பவன் எப்படியாவது சமாளிப்பான். தேயிலை மட்டும் விளையும் மலையில் இருப்பவன் என்ன செய்வான்? தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது, 1974இல் தோட்டப்புறத்தின் இறப்பு வீதம் ஒரேயடியாகக் கூடியது. 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையானபோது சில இடங்களில் லயத்தைவிட்டே ஆட்களை விரட்டினார்கள்.

அதே அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியையும் இறுக்கியது. செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் கிணறு தோண்டிப் பயிர் வைத்தவர்களுக்குக் கைகள் தேவைப்பட்டன. மலையில் பட்டினி கிடந்த கைகள் இறங்கி வந்தன. ஒரே கொள்கை ஒரு பக்கம் நம்மைப் பட்டினி போட்டது, இன்னொரு பக்கம் கூலி வேலைக்குக் கூப்பிட்டது. எங்கள் பெரியம்மா குடும்பமும் அந்தக் காலத்தில் வந்ததுதான். முதல் வருடம் கூலியாக அரிசியே வாங்கினார்களாம். "காசு வேண்டாம், அரிசி குடுங்கன்னு நாங்கதான் கேட்டோம்" என்று பெரியம்மா சொல்வார்.

1977 ஆகஸ்ட் கலவரம் இன்னும் பலரைத் துரத்தியது. டாக்டர் இராஜசுந்தரமும் கட்டடக்கலைஞர் டேவிட் ஐயாவும் நடத்திய காந்தியம் அமைப்பு, வவுனியாப் பக்கத்தில் குடியேற்றங்கள் அமைத்தது, பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை வைத்தது. 1983 ஏப்ரலில் இருவரையும் கைது செய்தார்கள். ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். டொலர் பாம், கென்ற் பாம் என்ற பண்ணைகளில் இருந்த நம் குடும்பங்களை 1984இல் விரட்டி, அங்கே சிறைக்கைதிகளைக் குடியேற்றினார்கள். அந்த வருடம் நவம்பரில் புலிகளின் தாக்குதலில் அங்கிருந்தவர்கள் குடும்பத்தோடு கொல்லப்பட்டார்கள். அவர்களையும் யாரோ கொண்டுவந்து எல்லையில் நிறுத்தியதுதான். ஏழையை எல்லைக்கல்லாக நடுகிற பழக்கத்துக்கு இனம் கிடையாது. "வாருங்கள்" என்று யார் கூப்பிட்டாலும், எந்த இடத்துக்கு, எதற்காக என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

பிறகு 2009. மலையாளபுரம், பாரதிபுரம், தர்மபுரம் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்வது சரியில்லை, நீங்கள்தான் எனக்குச் சொல்லவேண்டும். முள்ளிவாய்க்கால் வரை போய், மிச்சம் இருந்தவர்கள் செட்டிகுளத்து மெனிக் பாமில் கம்பிக்குள் இருந்தீர்கள். அந்த முகாமை மூட 2012 செப்டம்பர் ஆனது. திரும்பி வந்து பார்த்தால், முப்பது வருடம் கிணறு வெட்டித் தென்னை வைத்த காணிக்குச் சிலருக்குப் பத்திரம் இல்லை. மத்தியதர வகுப்புத் திட்டத்தில் வேறொருவருக்குக் கொடுத்த காணியில் வேலைக்கு இருந்தவர்கள், அங்கேயே குடிசை போட்டவர்கள், சொந்தக்காரர் வெளிநாட்டில். குடியுரிமை இல்லாத காலத்தில் அரச காணிக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. 2003இல்தான் அந்தச் சட்டம் முழுதாகத் தீர்ந்தது. சில காணிகள் வன இலாகாவின் வரைபடத்துக்குள் போய்விட்டன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இங்கே வடக்கின் பெரியவர்கள் சிலரும் இருப்பதால் கட்டாயம் சொல்லவேண்டும். "தோட்டக்காட்டான்" என்ற சொல் இந்த ஊர்களில் இன்னும் செத்துப்போகவில்லை. கூப்பிடும்போது "எங்கள் இரத்தம்", அருவி வெட்டக் கூலி கேட்கும்போது வேறு பேர். கோயில் திருவிழாவிலும் கலியாணப் பேச்சிலும் அது தெரியும். உங்களில் பலர் அதை எதிர்த்து நிற்பவர்கள், எனக்குத் தெரியும்.

சரி, இப்போது தட்டி எழுப்புங்கள்.

வர நினைக்கிறவர் முதலில் காணியின் சாதியைக் கேளுங்கள். மனிதனுக்குத்தான் அது கூடாது, காணிக்குக் கட்டாயம் வேண்டும். உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா, அளிப்புப் பத்திரக் காணியா, ஒன்றுமே இல்லாததா? அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்கமுடியாது. வெள்ளைக் கடதாசியில் முத்திரை ஒட்டி எழுதிக்கொடுப்பது காணி ஆகாது, கடதாசிதான். உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். நகையை விற்று, நுண்கடன் எடுத்துக் கொடுத்தவர்கள் இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள். காணி போனாலும் கடன் வாரம் தவறாமல் வாசலுக்கு வரும்.

அடுத்தது தண்ணீர். "இரணைமடு நிறைந்திருக்கிறது" என்று சொல்வார்கள். குளம் நிறைந்தாலும் உங்கள் காணி வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். மாரியில் வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கவேண்டாம். ஓகஸ்ட் மாதம் வந்து கிணற்றை எட்டிப் பாருங்கள். மலையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் தேடிப் பழக்கமில்லை.

மூன்றாவது, தோட்டத்தில் நீங்கள் விட்டுவிட்டு வரும் காசு. சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிக்கிறார்கள், தோட்டம் 12 சதவீதம் போடுகிறது, நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3. இங்கே நாட்கூலிக்கு வந்தால் அந்த 15 சதவீதத்தை யாரும் போடமாட்டார்கள். கூலி 200 ரூபா கூட என்று கணக்குப் பார்ப்பவர்கள் இதைக் கழித்துப் பாருங்கள். ஏற்கெனவே சேர்ந்த காசு எங்கும் போகாது, பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்கலாம். ஆனால் அங்கத்துவ இலக்கமும் அடையாள அட்டையில் உள்ள பேரும் ஒத்துப்போகவேண்டும். பிரட்டில் ஒரு பேர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர் என்று இருப்பவர்கள் தோட்டத்தில் இருக்கும்போதே திருத்துங்கள். கிளிநொச்சியிலிருந்து கொண்டு திருத்த வருடக்கணக்கில் அலையவேண்டும்.

பணிக்கொடையைப் பலர் மறந்துவிட்டுப் போகிறார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 20 வருடம் வேலை செய்த அக்கா 1,350 ரூபா சம்பளத்தில் விலகினால் 3 லட்சத்து 78 ஆயிரம் ரூபா. தானாக விலகினாலும் உண்டு, 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். இரவோடு இரவாகச் சாமான் கட்டிக்கொண்டு வந்தால் அதை வாங்குவது பெரும்பாடு. விலகல் கடிதம் எழுதி, ஒரு பிரதி வைத்துக்கொண்டு, தோட்டக் காரியாலயத்தில் திகதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தெரியாவிட்டால் நான் எழுதித் தருகிறேன், அதற்குத்தானே டீச்சர்.

பிள்ளைகளின் விடுகைப் பத்திரம், அஸ்வெசும பதிவு, வாக்காளர் இடாப்பு, மூன்றையும் மாற்றவேண்டும். அதற்குக் கிராம அலுவலரின் கையெழுத்து வேண்டும், அவர் கேட்பது நிரந்தர முகவரி. முகவரி காணியில்தான் தொங்குகிறது. சாதாரண தரம் எழுதும் வருடத்தில் பிள்ளையை மாற்றவேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. சரிவில் நிற்கும் லயத்தில் இன்னொரு மழைக்காலம் இருந்து பாருங்கள் என்று யாரால் சொல்லமுடியும்? ஆனால் மலையில் பாதுகாப்பான காணியும் வீடும் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு வரவேண்டாம் என்கிறேன். ஆட்கள் இறங்கிப் போய்விட்டால் தோட்டக் கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் வீடு கட்டும் செலவு மிச்சம்.

இங்கே இருக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிறவர்களுக்குக் காணி காட்டும் தரகர் முதலில் உங்களிடம்தான் வருவார். எந்தக் காணியில் வழக்கு இருக்கிறது, எது வன இலாகாவுக்குள் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதை வாயைத் திறந்து சொல்லுங்கள்.

பெயர் கொடுத்த குடும்பங்கள் நாளை காலை இரண்டு குழுவாகப் போவோம். ஒரு குழு பிரதேச செயலகத்தில் காணிப் பகுதிக்கு, மற்றது காணி பார்க்க. சேமலாப நிதி இலக்கம் கொண்டுவராதவர்கள் இன்றிரவே வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டு எழுதி வையுங்கள்.