பெற்றோர் இல்லாத வேளையில் தொலைக்காட்சி



பொழுது புலருமுன் பிரட்டுக்குச் சென்று, மரம் சீவி, பால் எடுத்து, நிறுவைக்குக் கொண்டு சேர்த்து வீடு திரும்புவதற்குள் நண்பகல் கடந்துவிடுகிறது. பிற்பகலிலும் கூடுதல் வேலைக்குச் செல்வோர் உண்டு. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விடலாம். பள்ளி முடிந்து வரும் எட்டு வயதுப் பிள்ளையை எங்கே விடுவது? கதவைத் தாழிட்டுக்கொண்டு அப்பிள்ளை தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடுகிறது. பிழைப்புக்காக வேலைக்குச் செல்லும் பெற்றோரைக் குறைகூற நாம் இதைச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாத அந்நேரத்தில் பிள்ளையோடு பேசுவோர் யார் என்பதையே எண்ணிப் பார்க்கிறோம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. 1978இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. லயத்தில் ஒருவர் வீட்டில் பெட்டி இருந்தால் அக்கம்பக்கத்தார் அங்கே கூடிப் பார்த்த காலம் அது. புரியாததைக் கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்லப் பாட்டியோ மாமாவோ அருகில் இருந்தனர். இப்போது வீட்டுக்கொரு பெட்டி இருக்கிறது. கைத்தொலைபேசியிலும் படம் ஓடுகிறது. பார்க்கும் பிள்ளைதான் தனியாக இருக்கிறது.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். அமெரிக்காவில் பெட்ரீசியா கூல் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் குடும்பத்து ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து விளையாடினர். கதை படித்துக் காட்டினர். அக்குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் தொலைக்காட்சியில் மட்டும் கேட்ட குழந்தைகள் கற்கவில்லை. பெட்டி பேசுகிறது, மழலைக்கு அதனால் மறுமொழி சொல்ல முடியவில்லை.

சற்று வளர்ந்த பிள்ளைகளின் நிலை வேறு. ஆல்பர்ட் பண்டுரா என்பவர் தம் குழுவினருடன் 1963இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் பொம்மையை அடித்து உதைக்கும் படத்தைப் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினர். பின்னர் அப்பிள்ளைகளில் பலர் அதே பொம்மையை அவ்வாறே தாக்கினர். மழலைக்குப் பேச்சைக் கற்றுத்தர இயலாத பெட்டி, அடிதடியைக் கற்றுத்தருவதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது! விளம்பரத்தில் வரும் இனிப்புப் பானமும் அப்படித்தான். அது விற்பதற்காகச் சொல்லப்படும் சொல் என்பது சிறு பிள்ளைக்குத் தெரியாது.

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. நல்ல அறிவுரைதான். ஆயினும், ஆளில்லாத வீட்டில் கடிகாரத்தைப் பார்ப்பவர் யார்?

ஆகவே ஆள் தேடுவதே முதல் வேலை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பாட்டிமார் நம் லயத்திலேயே இருக்கலாம். நாலைந்து வீட்டார் கலந்து பேசி, பிற்பகல் வேளையில் பிள்ளைகள் ஒரே வீட்டில் இருக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டால், பாட்டிக்கும் துணை கிடைக்கும். அவருக்குக் கைச்செலவுக்கு ஏதேனும் கொடுப்பதும் முறையாகும்.

இரவில் அடுப்படியில் கைவேலையாக இருக்கும்போதே, "இன்றைக்கு என்ன பார்த்தாய்? அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று பிள்ளையிடம் கேட்கலாம். கதையைத் தொடக்கத்திலிருந்து தன் சொற்களில் பிள்ளை சொல்லட்டும். இடையில் திணறினால் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தால் போதும். மழையால் மரம் சீவ முடியாத நாள்களில் பெட்டியை அணைக்கவும் வேண்டியதில்லை. பிள்ளையின் பக்கத்தில் பாயைப் போட்டு அமர்ந்து, அது பார்ப்பதை நாமும் பார்க்கலாம்.