கோச்சிக்குப் பெயர் உண்டு, கரி அள்ளியவருக்கு?

(கீரிமலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பக்கத்திலுள்ள காங்கேசன்துறைதான் வடக்குப் பாதையின் கடைசி நிலையம். 1956இல் தொடங்கிய யாழ்தேவி, 1990இல் போரால் இங்கு வராமல் நின்றது. 2015 ஜனவரியில்தான் இங்கு மீண்டும் ரயில் வந்தது. நமது மலைநாட்டுப் பாதை கோப்பிக்கும் தேயிலைக்கும் போட்டது. 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டியது.

கரிக்கோச்சி ஏற்றத்தில் ஏறும்போது ஆவி குறைந்தால் வண்டி நின்றுவிடும். அது குறையாமல் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவர் பயர்மன். டீசல் வந்ததும் அந்த வேலையே இல்லாமல் போனது. 1954 முதல் கனடா தந்த டீசல் இயந்திரங்களுக்கு ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று பெயர்கள் வைத்தார்கள். பழைய இயந்திரங்கள் கடுகண்ணாவை நூதனசாலையில் நிற்கின்றன. ரயில் பிரியர்கள் அவற்றின் இலக்கங்களைக்கூட மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் கரி அள்ளியவர், தண்டவாளம் காத்தவர், தேயிலைப் பெட்டி ஏற்றியவர் பெயர்கள் எங்கே?

ஆடி அமாவாசையில் தந்தையரை நினைக்கும் கரை இது. இங்கிருந்து நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ரயிலில் உழைத்த ஒரு முதியவரையாவது தேடிப்போய், அவர் பெயரையும் செய்த வேலையையும் வாங்கிய சம்பளத்தையும் எழுதி வாருங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.