இருட்டில் தெரிந்த ஊசிகள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர் பேச வருகிறார் என்றதும் நீரிழிவும் கொலஸ்திரோலும்தான் என்று பலர் பயந்திருப்பீர்கள். இன்று அவற்றை விட்டுவிடுகிறோம். எங்கள் உயர்தர வகுப்பில் பார்த்த இரண்டு சாம்பல்நிறத் துண்டுகளைப் பற்றித்தான் சொல்லப்போகிறோம்.

அது மின்சாரமில்லாத காலம். நுணுக்குக்காட்டியை யன்னலோரம் வைத்து, அதன் சின்னக் கண்ணாடியால் வெயிலைப் பிடித்துத்தான் வெங்காயத்தோலைப் பார்த்தோம். ஒருநாள் பௌதிகவியல் ஆசிரியை இரண்டு போலரொயிட் துண்டுகளைக் கொண்டுவந்து, ஒன்றின்மேல் ஒன்றாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். மங்கலாகத் தெரிந்தது. மேல் துண்டைக் கால்வட்டம் திருப்பினார். முழு இருட்டு. பிறகு எங்களில் ஒருத்தியின் பிளாஸ்ரிக் அடிமட்டத்தை வாங்கி இரண்டுக்கும் நடுவே செருகினார். அந்த இருட்டுக்குள் அடிமட்டம் மட்டும் பச்சையும் ஊதாவுமாக ஒளிர்ந்தது. சோதனைக்கு வராது என்று நாங்கள் குறிப்புக்கூட எடுக்கவில்லை. (அடிமட்டத்தின் சொந்தக்காரி இப்போது கனடாவில். அவள் அதை இன்னும் திருப்பிக் கேட்கிறாள்.)

நடந்தது இதுதான். ஒளியலை தான் போகும் திசைக்குக் குறுக்காக அதிர்கிறது. சாதாரண வெளிச்சத்தில் அந்த அதிர்வு மேல்கீழாக, பக்கவாட்டாக, சரிவாக என்று எல்லாவிதமாகவும் இருக்கும். நாங்கள் கயிறடித்த கயிற்றைப் பாடசாலைப் படலையின் நிமிர்ந்த கம்பிகளுக்கு இடையே விட்டு உதறுவதாக நினையுங்கள். மேல்கீழாக உதறினால் அலை மறுபக்கம் போகும். பக்கவாட்டாக உதறினால் கம்பியில் அடிபட்டு நின்றுவிடும். முதல் துண்டும் இப்படி ஒரு திசை அதிர்வை மட்டும் விடுகிறது. இரண்டாவது துண்டு அதற்குக் குறுக்காக இருந்தால் அதையும் மறித்துவிடும்.

முனைவாக்கிய ஒளி நுணுக்குக்காட்டியில் முதல் துண்டு மேடைக்குக் கீழே இருக்கும், இரண்டாவது பொருள்வில்லைக்கு மேலே. இடையில் தண்ணீர், கண்ணாடி வழுக்கி, சாதாரண கலங்கள் எது இருந்தாலும் பார்வைப்புலம் கறுப்புத்தான். ஆனால் உள்ளே அணுக்கள் ஒரு திசைப்பட ஒழுங்காக அடுக்கப்பட்ட பளிங்கு ஒன்று இருந்தால், அது வந்த ஒளியை ஒன்றுக்கொன்று செங்குத்தாக அதிரும் இரண்டு கூறுகளாகப் பிரிக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் போவதில்லை, ஒன்று பிந்தும். பிந்தியதும் முந்தியதும் மேலே சேரும்போது அதிர்வின் திசை மாறியிருக்கும். ஆகவே ஒரு பகுதி இரண்டாவது துண்டைத் தாண்டிவிடும். கறுப்பு வானத்தில் பளிங்கு மட்டும் மின்னும். மேடையைச் சுற்றினால் ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை அணைந்து நான்கு முறை ஒளிரும்.

1669இல் டென்மார்க்கின் பார்த்தோலின், ஐஸ்லாந்துக் கல்சைற்றுப் பளிங்கினூடாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிவதை எழுதிவைத்தார். 1808இல் பாரிசில் மாலூஸ், லக்சம்பேர்க் மாளிகை யன்னலில் தெறித்த சூரியனை அத்தகைய பளிங்கினூடாகப் பார்த்து, அதைத் திருப்பத் திருப்ப இரண்டு பிம்பங்களின் வெளிச்சமும் மாறுவதைக் கண்டார். ஆனால் வீங்கிய மூட்டின் திரவத்தை இப்படிப் பார்த்துக் கவுட் நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று அமெரிக்காவில் மக்கார்ட்டியும் ஹொலண்டரும் எழுதியது 1961இல்தான்.

நாங்கள் பயிற்சி வைத்தியர்களாக இருந்தபோது, அறுபதைத் தாண்டிய ஓர் ஐயா வீங்கிச் சிவந்த முழங்காலோடும் காய்ச்சலோடும் வந்தார். "பிள்ளையள், காலை வெட்டப் போறியளோ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கவுட் என்றால் வீக்கம் தணிக்கும் மருந்தோடு முடியும். பற்றீரியா புகுந்திருந்தால் மூட்டைக் கழுவி, நுண்ணுயிர்கொல்லி ஏற்றவேண்டும். சில நாள் பிந்தினாலே மூட்டின் கசியிழையம் அழியத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எடுத்த திரவமும் இரண்டிலும் கலங்கலாகவே இருக்கும், வெண்குழியங்கள் நிறைந்து.

ஒரு துளியை வழுக்கியில் வைத்து, துண்டுகளைக் குறுக்காக்கினோம். வெண்குழியங்களுக்குள்ளேயே கூரிய ஊசிகள் மின்னின. செந்நிற ஈடுசெய் தகட்டைச் செருகினோம். அதனால் பின்புலம் கருஞ்சிவப்பாகும். தகட்டின் மெதுவான அச்சுக்குச் சமாந்தரமாகக் கிடந்த ஊசிகள் மஞ்சள், குறுக்கே கிடந்தவை நீலம். அது யூரேற்றின் அடையாளம். கல்சியம் பைரோபொஸ்பேற் என்றால் நிறங்கள் எதிர்மாறாக, மங்கலாக இருந்திருக்கும். புத்தகத்துப் படம் கண்முன்னே! ஸ்ரெரொயிட் ஊசியை மூட்டுக்குள் போட ஆயத்தமானோம்.

எங்களுக்கு மேலிருந்த வைத்தியர் ஒன்றுதான் கேட்டார்: "கிராம் சாயமிட்டுப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. பளிங்கைக் கண்ட சந்தோஷத்தில் மறந்துவிட்டோம். பற்றீரியாவுக்குப் பளிங்கு ஒழுங்கு இல்லை. அந்தக் கறுப்பு வானத்தில் அது மின்னாது. சாயமிட்டு, சாதாரண வெளிச்சத்தில் பார்த்தபோது, அதே திரவத்தில் திராட்சைக் குலைகள் போலப் பற்றீரியா கிடந்தது. கவுட்டும் உண்மை, கிருமியும் உண்மை. அன்றிரவே மூட்டைக் கழுவினார்கள். சில வாரங்களின் பின் ஐயா தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது எங்களுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தார். அதை வாங்க எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

மின்னுவதெல்லாம் நோயுமல்ல. பழைய கையுறைகளில் பூசிய மாப்பொருள் வழுக்கியில் விழுந்தால், ஒவ்வொரு மணியிலும் அழகான சிலுவை தெரியும். அதைக் கண்டும் நாங்கள் ஒருமுறை துள்ளியிருக்கிறோம்.

மண்டப வாசல் மேசையில் இரண்டு போலரொயிட் துண்டுகளும் ஓர் அடிமட்டமும் வைத்திருக்கிறோம். தேநீருக்குப் போகும்போது செருகிப் பாருங்கள். வார்ப்பில் இறுகிய பிளாஸ்ரிக்கின் உள் இழுவைதான் அந்த நிறங்கள். தூரதேசத்தில் இருந்து இதை மலரில் வாசிப்பவர்கள், போலரொயிட் கறுப்புக் கண்ணாடியைக் கணினித் திரைக்கு முன்னால் பிடித்து, திரை இருளும்வரை திருப்புங்கள். பிறகு பிள்ளையின் அடிமட்டத்தை இடையில் வையுங்கள். திருப்பிக் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.