தோல்வியும் துணைப் பயிற்றுநரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தொழில்முறை உதைபந்தாட்டப் பருவத்தின் கடைசிக் கிழமை ஆட்டங்கள் முடிந்த மறுநாளைக் 'கறுப்புத் திங்கள்' என்று அழைப்பார்கள். தோற்றுப்போன குழுக்களின் உரிமையாளர்கள் தலைமைப் பயிற்றுநர்களை அழைத்துக் கணக்குத் தீர்க்கத் தொடங்குவது பெரும்பாலும் அன்றுதான். வேலை இழந்த தலைவர்களின் படங்கள் பத்திரிகைகளில் பெரிதாக வரும். அதே நாட்களில், உட்பக்கத்து மூலையொன்றில் நாலே வரியில் இன்னொரு வகைச் செய்தியும் வரும். இன்ன குழுவின் தலைமைப் பயிற்றுநர் தம் பதவியில் நீடிக்கிறார். அவருடைய துணைப் பயிற்றுநர்களுள் மூவரோ நால்வரோ விலக்கப்பட்டனர் என்பதே அது. இப்பேச்சு அந்த நாலு வரியைப் பற்றியது.

உதைபந்தாட்டம் என்றதும் இந்நாட்டு நேயர்கள் மனத்தில் தோன்றும் ஆட்டமன்று இது. பந்து முட்டை வடிவானது. பெரும்பாலும் கையால் எறியப்படுவது, அல்லது மார்போடு அணைத்துக்கொண்டு ஓடப்படுவது. காலுக்கு வேலை இடையிடையேதான். பெயர்ப் பொருத்தத்தை அமெரிக்கர்களிடமே விட்டுவிடலாம். களத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினொருவர் நிற்பர். எனினும், பந்து தம் வசம் இருக்கும்போது ஆடும் பதினொருவர் வேறு. எதிரியை மறிக்க நிற்கும் பதினொருவர் வேறு. பந்தை உதைக்கும் வேளைகளுக்கென மூன்றாவது கூட்டமும் உண்டு. ஆகவே ஒரு குழு என்பது உள்ளபடி மூன்று படைகள். தலைமைப் பயிற்றுநரின் கீழே தாக்கும் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர், காக்கும் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர். அவர்களுக்கும் கீழே பந்தெறிபவருக்கு, ஓடுபவருக்கு, முன்வரிசையினருக்கு, பின்காவலருக்கு எனத் தனித்தனி ஆசிரியர்கள். இக்காலத்தில் இவர்கள் தொகை ஒரு குழுவுக்கு இருபதையும் தாண்டும். எதிரணியின் பழைய ஆட்டப் படங்களை நள்ளிரவு கடந்தும் பார்த்திருந்து, எந்த நிலையில் எந்த உத்தியென்று வகுத்துக் கொடுப்பவர்கள் இவர்களே.

தோல்வி நேர்ந்தால் உரிமையாளர் என்ன செய்வார்? ஐம்பது ஆட்டக்காரரையும் ஒரே நாளில் மாற்ற இயலாது. தலைமைப் பயிற்றுநரின் ஒப்பந்தமோ பல ஆண்டுகளுக்கு எழுதப்பட்டது; இடையில் அனுப்பினால் எஞ்சிய சம்பளத்தைப் பெரும்பாலும் கொடுத்தே ஆகவேண்டும். துணைவர்களின் ஒப்பந்தம் குறுகியது, தொகையும் சிறியது. ஏதோ செய்துவிட்டோம் என்று ஊருக்குக் காட்ட, இதனினும் மலிவான வழி கிடையாது.

இதில் அநியாயம் மட்டுமே உண்டென்று சொல்லிவிடவும் கூடாது. திறமையற்ற ஆசிரியர் ஒருவரை நட்புக்காக வைத்திருக்கும் தலைவர், சில ஆண்டுகளே ஆடக்கூடிய இளைஞர்களின் காலத்தை வீணாக்குகிறார். விலக்கியது சரியென்று பின்னர் தெளிவான சந்தர்ப்பங்களும் உண்டு. ஆனால் விலக்கப்பட்டவர் வீட்டில் நிகழ்வதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். எல்லாக் குழுக்களும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களிலேயே ஆள் சேர்க்கின்றன. அலபாமா மாநிலத்து மொபைல் நகரில் கல்லூரி ஆட்டக்காரரின் திறமையைக் காட்டும் போட்டியொன்று ஆண்டுதோறும் அக்காலத்தில் நடைபெறும். வேலையிழந்த பயிற்றுநர்கள் அங்கே போய், விடுதி முற்றங்களில் தெரிந்த முகம் தேடி நிற்பார்கள். வேலை கிடைத்தால் அது வேறொரு மாநிலத்தில். பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளிக்கூடம்.

தோல்வி யாரால் வந்தது என்று வரையறுப்பது எத்துணைக் கடினம் என்பதற்கு 1988ஆம் ஆண்டின் பிற்ஸ்பேர்க் நகரம் ஒரு சான்று. உருக்கு ஆலைகளால் வளர்ந்த நகரம் அது. அதன் குழுவின் பெயரும் 'ஸ்ரீலர்ஸ்' என்பதே. 1969இல் சக் நோல் அங்கே தலைமைப் பயிற்றுநராக வந்தார். முதலாண்டில் 14 ஆட்டங்களுள் ஒன்றில் மட்டுமே வென்ற குழு, 1974 முதல் 1979 வரையான ஆறு பருவங்களுள் நான்கில் 'சூப்பர் போல்' எனப்படும் தேசிய இறுதியாட்டத்தை வென்றது. அந்தக் குழுவின் பெருவீரர்கள் 1980களின் முற்பகுதியிலேயே ஒருவர்பின் ஒருவராக ஓய்வுபெற்றனர். அவர்களுக்கு ஈடானவர்கள் வந்து சேரவில்லை. 1988இல் மைக் மெரிவெதர் என்னும் சிறந்த காவல் வீரர் சம்பளத் தகராறினால் பருவம் முழுவதும் ஆட வரவேயில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் குழுவின் தாபகர் ஆட் றூனி காலமானார். 16 ஆட்டங்களில் 5 வெற்றி, 11 தோல்வி என்று பருவம் முடிந்தது.

தாபகரின் மகனும் குழுவின் தலைவருமான டான் றூனி, நோலை நீக்க விரும்பவில்லை. துணைப் பயிற்றுநர்களுள் சிலரை மாற்றவேண்டும் என்றார். நோல் முதலில் இணங்கவில்லை. பதவியையே துறந்துவிடும் எண்ணமும் அவருக்கு இருந்தது. அவர்களைத் தேர்ந்தவர் அவரே. அவர்கள் கற்பித்ததும் அவர் வகுத்த ஆட்டமுறையையே. இறுதியில் இணங்கினார். சிலர் விலக்கப்பட்டனர். காக்கும் பிரிவின் பொறுப்பாளருக்கு மட்டும், விலக்கப்படுவதற்குப் பதிலாக, பின்காவலரைப் பயிற்றும் கீழ்ப்பதவி ஒன்று காட்டப்பட்டது.

அந்தப் பொறுப்பாளரின் பெயர் ரோனி டன்ஜி, வயது 33. நோலின் கீழே ஆட்டக்காரராக இருந்து 1978 பருவத்துச் சூப்பர் போல் வெற்றியில் பங்குகொண்டவர். 1981இல், 25 வயதில், நோல் அவரைத் துணைப் பயிற்றுநராக்கினார். 28 வயதில் காக்கும் பிரிவு முழுவதையும் ஒப்படைத்தார். கறுப்பினத்தவர் ஒருவருக்கு அத்தகைய பொறுப்புக் கிடைப்பது அன்று மிக அரிது. மகன்போல் வளர்த்தவரே இறங்கி நில் என்று சொல்லும் நிலை வந்தது. டன்ஜி கீழ்ப்பதவியை ஏற்கவில்லை. கன்சாஸ் சிற்றிக் குழுவுக்குப் பின்காவலர் பயிற்றுநராகச் சென்றார். அதே தரத்துப் பதவிதான். ஆனால் தாம் இறக்கப்பட்ட வீட்டில் அன்று.

மாற்றம் பயன் தந்ததா? 1989இன் முதல் ஆட்டத்தில் ஸ்ரீலர்ஸ் 51க்கு 0 என்றும், இரண்டாவதில் 41க்கு 10 என்றும் தோற்றது. பின்னர் நிமிர்ந்து 9 வெற்றிகளோடு பருவத்தை முடித்தது. இறுதிச் சுற்றுக்களுக்குப் புகுந்து, ஹூஸ்ரனை மேலதிக நேரத்தில் வென்று, டென்வரிடம் ஒரேயொரு புள்ளியால் தோற்றது. றூனி சொன்னதே சரி என்று கொள்வோர் இதைக் காட்டலாம். டன்ஜியின் இடத்துக்கு வந்த றொட் றஸ்ற் ஓராண்டிலேயே நியூ இங்கிலாந்துக் குழுவுக்குத் தலைமைப் பயிற்றுநராகப் போய், 16இல் ஒன்றை மட்டும் வென்று, அங்கிருந்து விலக்கப்பட்டார் என்பதையும் சேர்த்துக் காட்டவேண்டும். நோல் 1991 பருவத்தின் முடிவில், 7 வெற்றி 9 தோல்வியோடு, தாமே ஓய்வுபெற்றார்.

டன்ஜி 1996இல் தம்பா பே குழுவுக்குத் தலைமைப் பயிற்றுநரானார். அவர் வந்த முதலாண்டையும் சேர்த்துத் தொடர்ந்து 14 பருவங்கள் தோல்வியையே கண்ட குழு அது. மறுவருடமே அதை வெற்றிப் பக்கம் திருப்பினார். 1999 பருவத்தில் சூப்பர் போலுக்கு ஒரு படி கீழே வரை சென்று, 2000 ஜனவரியில் சென்ற் லூயிஸ் குழுவிடம் 11க்கு 6 என்று தோற்றார். பந்தெறிந்தவர் அவ்வாண்டுதான் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த இளைஞர். கடைசி நேரத்தில் பிடிக்கப்பட்ட ஒரு பந்து பிடிபடவில்லை என்று நடுவர்கள் மாற்றித் தீர்த்தனர். அத்தீர்ப்பு எழுப்பிய பூசலால் விதிக்கே பிறகு புதிய விளக்கம் கூறப்பட்டது. இத்தனை இருந்தும், ஆறு புள்ளி மட்டும் எடுத்த தாக்கும் பிரிவை மாற்றவேண்டும் என்ற நெருக்குதல் எழுந்தது. அப்பிரிவின் பொறுப்பாளர் மைக் ஷூலாவை விலக்கும் கடமை டன்ஜியின் கைக்கு வந்தது.

இந்த மைக் ஷூலா, புகழ்பெற்ற பயிற்றுநர் டொன் ஷூலாவின் மகன். அந்த டொன் ஷூலாவிடம் பால்ரிமோரில் துணைப் பயிற்றுநராக இருந்தே சக் நோல் பிற்ஸ்பேர்க் வந்தார். ஷூலா வளர்த்த நோல், நோல் வளர்த்த டன்ஜி, டன்ஜி விலக்கிய இளைய ஷூலா! அத்தொழிலில் உள்ளோரின் உலகம் அவ்வளவு சிறியது.

அடுத்து வந்த லெஸ் ஸ்ரெக்கலும் ஒரே பருவத்தோடு போனார். மூன்றாமவராகக் கிளைட் கிறிஸ்ரென்சன் வந்தார். 2000, 2001 ஆகிய இரு பருவங்களிலும் தம்பா பே குழு பிலடெல்பியாவிலேயே தோற்று வெளியேறியது. 2002 ஜனவரியில் டன்ஜியே விலக்கப்பட்டார். துணைவர் இருவரைக் கொடுத்து அவர் பெற்ற அவகாசம் இரண்டே ஆண்டு. ஓராண்டு கழித்து, பெரும்பாலும் டன்ஜி உருவாக்கிய காக்கும் பிரிவோடு, அதே குழு வேறொருவர் தலைமையில் சூப்பர் போலை 48க்கு 21 என்று வென்றது.

டன்ஜியை இருமுறை வெளியேற்றிய பிலடெல்பியாவிலும் இதே நாடகம் பின்னர் நடந்தது. அங்கே சற்று வேடிக்கையாகவும் நடந்தது. தலைமைப் பயிற்றுநர் அன்டி றீட், 2011 ஜனவரியில் தம் காக்கும் பிரிவின் பொறுப்பாளர் ஷோன் மக்டெர்மொற்றை நீக்கினார். அவ்விடத்தில் அமர்த்தப்பட்ட ஹுவான் காஸ்ரியோ, 1998 முதல் தாக்கும் பிரிவின் முன்வரிசையைப் பயிற்றிவந்தவர். வண்டி ஓட்டியைத் தோணிக்குத் தண்டு வலிக்கச் சொன்னதுபோல் ஆயிற்று. முதற் பருவம் 8 வெற்றி, 8 தோல்வி. 2012இல் ஆறு ஆட்டங்களில் மூன்று வென்று மூன்று தோற்ற நிலையில் காஸ்ரியோவும் விலக்கப்பட்டார். எஞ்சிய பத்து ஆட்டங்களில் அக்குழு ஒன்றைத்தான் வென்றது! டிசம்பர் 31ஆந் தேதி றீட்டும் போனார். நீக்கப்பட்ட மக்டெர்மொற் 2017இல் பஃபலோ குழுவின் தலைவராகி, 1999 பருவத்தின் பின் இறுதிச் சுற்றையே காணாத அக்குழுவை முதலாண்டிலேயே அங்கே கொண்டுசேர்த்தார். றீட்டும் பின்னர் கன்சாஸ் சிற்றியில் மூன்று சூப்பர் போல்களை வென்றார். இருவருள் எவரும் திறமையற்றவர் அல்லர். பிலடெல்பியாவின் நோய் வேறெங்கோ இருந்தது.

டன்ஜிக்குத் தம்பா பே விட்ட சில நாட்களிலேயே இந்தியானாபொலிஸ் குழு கிடைத்தது. அங்கே தாக்கும் பிரிவின் பொறுப்பாளராக ஏற்கனவே இருந்தவர் ரொம் மூர். டன்ஜியை மினசோற்றாப் பல்கலைக்கழகத்துக்கு ஆட்டக்காரராகச் சேர்த்தவர் அவர். 1988இல் பிற்ஸ்பேர்க்கில் டன்ஜி கீழிறக்கப்பட்டபோது பக்கத்து அறையில் தாக்கும் பிரிவைப் பார்த்துவந்தவரும் அவரே. புதிய தலைவர்கள் பழைய ஆட்களைக் களைந்து தம் ஆட்களைக் கொண்டுவருவதே அத்தொழிலின் வழக்கம். டன்ஜி மூரைத் தொடவில்லை. தம்மோடு தம்பா பேயில் வேலையிழந்த கிறிஸ்ரென்சனையும் அழைத்துக்கொண்டார். காக்கும் பிரிவை றொன் மீக்ஸ் என்பவரிடம் கொடுத்தார்.

2006 பருவத்தில் அந்த மீக்ஸுக்குச் சோதனை வந்தது. குழு 12 ஆட்டங்களை வென்றபோதிலும், ஓடிவரும் எதிரியை மறிப்பதில் தேசத்திலேயே கடைசி இடத்தில் நின்றது. ஆட்டமொன்றுக்குச் சராசரி 173 யார் தூரம் விட்டுக்கொடுத்தது. டிசம்பர் 10ஆந் தேதி ஜாக்சன்வில் குழு அவர்களைக் கிழித்துக்கொண்டு ஒரே ஆட்டத்தில் 375 யார் ஓடி, 44க்கு 17 என்று வென்றது. இத்தகைய பிரிவோடு எவரும் சூப்பர் போலை வென்றதில்லை என்று பத்திரிகைகள் கணக்குக் காட்டின. மீக்ஸின் தலை உருளும் என்று பலரும் எதிர்பார்த்திருக்கலாம்.

டன்ஜி ஆளையும் மாற்றவில்லை, ஆட்டமுறையையும் மாற்றவில்லை. காவலரின் முதுகெலும்பான பொப் சாண்டேர்ஸ் காயத்தினால் அப்பருவத்தில் நான்கு ஆட்டங்களே ஆடியிருந்தார். அவர் குணமடைந்து இறுதிச் சுற்றுக்குத் திரும்பினார். 2007 ஜனவரி 6ஆந் தேதி கன்சாஸ் சிற்றி அவர்களுக்கெதிராக ஓடிய தூரம் 44 யார் மட்டுமே. பெப்ரவரி 4ஆந் தேதி மயாமி நகரில், கொட்டும் மழையில், இந்தியானாபொலிஸ் 29க்கு 17 என்று சூப்பர் போலை வென்றது. அவ்வெற்றியைப் பெற்ற முதற் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநர் டன்ஜி. எதிரணியின் தலைவராக நின்ற லவி சிமித், தம்பா பேயில் அவருடைய துணைப் பயிற்றுநர்களுள் ஒருவராக இருந்தவர்.

2009 ஜனவரியில் டன்ஜி ஓய்வுபெற்றார். அந்த ஏழு பருவங்களிலும் தாக்கும் பிரிவு மூரின் கையிலும், காக்கும் பிரிவு மீக்ஸின் கையிலுமே இருந்தன. அதன்பின் சில நாட்களில் மீக்ஸ் தம் பதவியை விட்டு விலகி, கரோலினாக் குழுவுக்கு அதே வேலைக்குப் போனார்.